எழுத்து போடும்போதே உள்ளே வாருங்கள்

“எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும் ஜனங்களுக்குப் போய்ச் சேர வேண்டுமே சார்!” எந்தப் பத்திரிகையாளர் சந்திப்புக்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழும். தயாரிப்பாளர் சொல்வார், இயக்குநர் சொல்வார், மேடையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் விநியோகஸ்தரும் சொல்வார். போட்ட பணத்தை எடுக்க வேண்டியவர்கள் இப்படிக் கவலைப்படுவதில் ஒரு குற்றமும் இல்லை. எனக்குப் புரியாதது வேறு. டிக்கெட் வாங்குகிறவர், புத்தகம் வாங்குகிறவர், ராத்திரிச் சாப்பாடு முடிந்து டிவி முன்னால் சாய்கிறவர், இவர்களெல்லாம் இதே வசனத்தை எப்போது மனப்பாடம் செய்தார்கள்? “விளம்பரமே இல்லை, அப்புறம் அப்படி ஒரு படம் வந்ததே எப்படித் தெரியும்?” என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். வியாபாரியின் கவலையை வாடிக்கையாளர் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு அலைவதை வேறெந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

இந்த நினைப்பு இப்போது பொதுப்புத்தியாகவே ஆகிவிட்டது. அதன் முழு வடிவம் ஏறத்தாழ இது: படமும் பாட்டும் புத்தகமும் மலைபோல் குவிந்து கிடக்கின்றன, எல்லாவற்றையும் தேடிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, நமக்கு ஏற்றதை டிரெய்லரும் விமர்சன வீடியோவும் கைப்பேசிச் செயலியும் பொறுக்கிக் கொடுத்துவிடுகின்றன, அதிலும் தப்பிப்போன நல்ல சரக்கு காலப்போக்கில் தானே மேலே வந்துவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் எந்தத் துண்டைத் தொட்டாலும் கையோடு வந்துவிடுகிறது.

விளம்பரம் நமக்கு எதைச் சொல்கிறது? ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்கிறது. ஃபர்ஸ்ட் லுக், டீசர், முதல் பாட்டு, ஆடியோ லாஞ்ச், டிரெய்லர், கல்லூரி கல்லூரியாகப் போய் மாணவர்களோடு ஆடிக் காட்டுவது எல்லாமே அந்த ஒரு வெள்ளியை நோக்கி ஓடுகின்றன. ஞாயிறு ராத்திரிக்குள் வசூல் தெரிந்துவிடும். பலிக்கவில்லை என்றால் திங்களிலிருந்து அந்தப் படத்தைப் பற்றி விளம்பரத்துக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. ஒப்புக்கு ஒரு ‘சக்சஸ் மீட்’ நடக்கும், அவ்வளவுதான். தமிழில் படங்கள் பேசத் தொடங்கியது 1931இல். அன்றிலிருந்து வந்த படங்கள் ஆயிரக்கணக்கில். இந்த வெள்ளிக்கு வரப்போகிறவை நான்கோ ஐந்தோ. அந்த நான்கைந்தைப் பற்றி மட்டும் வாய் ஓயாமல் பேசி, மிச்ச ஆயிரங்களைப் பற்றி மூச்சே விடாத ஒன்றை ‘தகவல்’ என்று சொல்கிறோம். கல்லா இல்லாத இடத்தில் விளம்பரம் நிற்காது. 1954ஆம் ஆண்டுப் படத்துக்கு இன்று யார் பேனர் கட்டப்போகிறார்கள்?

புதுப் படங்களுக்காவது அது உருப்படியாக வழிகாட்டுகிறதா? 2024 நவம்பரில் ‘கங்குவா’ வந்தது. ஊர் ஊராக விழா எடுத்து, மாதக்கணக்கில் பேசி, இதற்கு மேல் விளம்பரம் செய்ய முடியாது என்கிற அளவுக்குச் செய்தார்கள். முதல் வாரக் கடைசியைத் தாண்டவே படம் திணறியது. உடனே தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்கள் வந்து ரசிகர்களிடம் கருத்துக் கேட்பதைத் தடுக்க வேண்டும் என்று அறிக்கை விட்டது. யோசித்துப் பாருங்கள். கோடிகளைக் கொட்டிக் கூட்டம் சேர்த்தாயிற்று. வந்த கூட்டம் வெளியே போய் வாயைத் திறந்தால் மட்டும் ஆபத்து. அதே ஆண்டு செப்டம்பரில் ‘லப்பர் பந்து’ வந்தது. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லிச் சொல்லியே காட்சிகள் கூடின. இரண்டு படங்களுக்கும் நடுவில் வேலை செய்தது ஒரே விஷயம், பார்த்தவர் வாய். அது விளம்பரத்துக்கு அடங்குவதில்லை என்பதால்தான் அதன்மேல் இவ்வளவு கோபம்.

இது புதிய கதையும் இல்லை. 1978 ஆகஸ்டில் ‘முள்ளும் மலரும்’ வெளியாகி, முதல் வாரங்களில் கூட்டமில்லாமல் ஓடியது. கொஞ்சம் விளம்பரம் செய்யுங்கள் என்று இயக்குநர் மகேந்திரனும் ரஜினிகாந்தும் போய்க் கேட்டபோது தயாரிப்பாளர் வேணு செட்டியார் மறுத்துவிட்டார் என்று சொல்வார்கள். நல்ல படத்துக்கு விளம்பரம் தேவையில்லை, மோசமான படத்தை எந்த விளம்பரமும் காப்பாற்றாது என்பது அவர் கட்சி. சில வாரங்கள் கழித்துப் படம் பிய்த்துக்கொண்டு கிளம்பி நூறு நாளைத் தாண்டியது. 1980இல் ‘ஒருதலை ராகம்’ படத்துக்கும் இதே கதைதான். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத படம், மெல்லத் தொடங்கி மாதக்கணக்கில் ஓடியது.

செட்டியார் கட்சிக்கு முழுசாக நான் ஓட்டுப் போடமாட்டேன். ‘நல்லது தானே மேலே வரும்’ என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். விளம்பரம்தான் எல்லாம் என்பதற்கு அது தம்பி முறை. நல்லது தானாக வருவதில்லை, யாரோ ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறார். ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்து படுத்தது. அதை எழுப்பியது தொலைக்காட்சியில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள். அப்படி எழுப்ப ஆளில்லாமல் கிடப்பவை எத்தனை! ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’, 1977ஆம் ஆண்டுப் படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. திரைக்கதையில் வெங்கட் சாமிநாதனின் பங்கு இருக்கிறது, பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். தூர்தர்ஷன் அதை ஒளிபரப்புவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. இன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்திருக்கிற எவரையும் நிறுத்தி ‘எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். ஒரு பெயர் சொல்வார்: ஒரு ஆசிரியர், ஒரு அண்ணன், திரைப்படச் சங்கம் நடத்திய ஒரு நண்பர், ஒரு சிறுபத்திரிகைக் கட்டுரை. ‘விளம்பரம் பார்த்தேன்’ என்று சொல்ல ஒருவர் இருக்கமாட்டார்.

இங்கே எதிர்த்தரப்பு தன் துருப்புச் சீட்டை இறக்கும். பூமணியின் ‘வெக்கை’யை எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். நாவல் வந்தது 1982இல். 2019இல் ‘அசுரன்’ வந்து, அத்தனை விளம்பரத்தோடு ஓடிய பிறகுதானே ஊரெல்லாம் ‘வெக்கை’யைத் தேடிப் படித்தது? ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்த பிறகுதானே 1991ஆம் ஆண்டின் ‘குணா’ பாட்டை இருபது வயதுப் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்? உண்மை. ஆனால் சங்கிலியைக் கடைசிக் கண்ணியிலிருந்து மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். முதல் கண்ணிக்கு வாருங்கள். ‘வெக்கை’யை ‘அசுர’னாக எடுத்த வெற்றிமாறனுக்கு அந்த நாவலை விற்றது எந்த டிரெய்லர்? முப்பத்தேழு வருஷம் அந்த நாவல் கையிலிருந்து கைக்கு மாறி உயிரோடு இருந்தது. அதனால்தான் அவர் கைக்கும் வந்தது. கோவையின் ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார் எழுதிய ‘லாக்கப்’பை ‘விசாரணை’யாக எடுத்தவரும் அவர்தான். பாலுமகேந்திராவிடம் உதவியாளராக இருந்தவர்; உதவியாளர்களைச் சிறுகதை படிக்கவைத்து அதைச் சுருக்கிச் சொல்லச் சொல்வது அந்தப் பட்டறையின் வழக்கம். பாலுமகேந்திராவே தமிழ்ச் சிறுகதைகளை எடுத்துத் தொலைக்காட்சிக்கு ‘கதை நேரம்’ செய்தவர். மகேந்திரன் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ‘உதிரிப்பூக்க’ளுக்குப் போனதும் இப்படித்தான். விளம்பரம் கடைசியில் வந்து கைதட்டல் வாங்கிக்கொள்கிறது. அதற்கு முன்னால் யாரோ ஒருவர், யாரும் சொல்லித் தராமலோ, காசு வாங்காத ஒருவர் சொல்லியோ, அந்தப் புத்தகத்தைப் பிரித்தாக வேண்டும். அந்த ஒருவர் இல்லையென்றால் விளம்பரம் செய்யவே சரக்கு கிடையாது.

‘அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்போது செயலி என் ரசனையைக் கற்றுக்கொண்டு எனக்குப் பிடித்ததையே காட்டுகிறது’ என்பது அடுத்த வாதம். படித்தவர்களே அதிகம் சொல்வது இது. விளம்பரத்திலிருந்து தப்பித்துவிட்டதாக இவர்கள் நம்புகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

அமெரிக்க வானொலியில் 1950களில் இசைத்தட்டு நிறுவனங்களிடம் காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்டார்கள். அது வெளியே வந்து, நாடாளுமன்ற விசாரணை நடந்து, காசு வாங்கினால் நேயரிடம் சொல்ல வேண்டும் என்று 1960இல் சட்டத்தையே திருத்தினார்கள். ‘பேயோலா’ என்று அதற்குப் பெயர். 2020 நவம்பரில் ஸ்பாட்டிஃபை ‘டிஸ்கவரி மோட்’ என்று ஒன்றை அறிவித்தது. கலைஞரோ நிறுவனமோ ஒரு பாட்டைக் குறித்துக் கொடுத்தால், தானாக ஓடும் வரிசைகளில் அது காதில் விழும் வாய்ப்பு கூடும். அப்படிக் கேட்கப்படும்போது வரும் உரிமத்தொகையில் 30 சதவீதத்தை ஸ்பாட்டிஃபை கழித்துக்கொள்ளும். கையில் காசு வாங்குவதில்லை, கொடுக்க வேண்டியதில் பிடித்துக்கொள்கிறார்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆகா, என் மனசை எப்படிப் படிக்கிறது பார்’ என்று மெய்மறக்கிறோம். பழைய சுவரொட்டி இதைவிட யோக்கியமானது. சுவரில் ஒட்டியிருக்கிறது, பசை நாறுகிறது, இது விளம்பரம் என்று குழந்தைக்கும் தெரியும்.

சரி, காசு விவகாரத்தைத் தள்ளிவைப்போம். ஒரு பைசா வாங்காமல் நேர்மையாகவே செயலி பரிந்துரைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், தன் கிட்டங்கியில் இருப்பதைத்தான் அது காட்ட முடியும். உரிமம் முடிந்து எடுக்கப்பட்ட படம் அதைப் பொறுத்தவரை எடுக்கப்படவே இல்லை. நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்பதை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. எதைப் பார்க்க உங்களுக்கு வழியே கிடைக்கவில்லை என்பது அந்தக் கணக்கில் ஏறாது. நேற்று ஒரு பேய்ப்படம் பார்த்தவருக்கு இன்று ஒன்பது பேய்ப்படங்களை வரிசை கட்டி நிறுத்துகிறதே, அதற்கு ரசனை என்றா பெயர்?

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. யாரும் பெரிதாகப் பேசாததால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். படம் தொடங்கியதும் திரையின் ஓரத்தில் ‘ஸ்கிப் இன்ட்ரோ’ என்று ஒரு கட்டம் வருகிறது. படம் முடிந்து பெயர்கள் ஏறத் தொடங்கியதும் திரை சுருங்கி ஒரு மூலைக்குப் போகிறது. ஐந்து விநாடியில் அடுத்தது ஓடத் தயாராகிறது. சௌகரியத்துக்காகச் செய்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் சுருட்டி ஓரம் கட்டப்படுகிற அந்தப் பெயர்ப் பட்டியல்தான், விளம்பரத்தின் தயவில்லாமல் ஒரு படத்திலிருந்து பத்துப் படங்களுக்குப் போக நமக்கிருக்கும் ஒரே நம்பகமான வரைபடம். எழுத்து போடும்போது வெற்றிலை போட வெளியே போன ஆட்கள் முன்பும் இருந்தார்கள். இப்போது கருவியே நம்மை எழுப்பி வெளியே அனுப்புகிறது.

அந்தப் பட்டியல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘அந்த நாள்’, 1954. ஏவி.எம். தயாரிப்பு, சிவாஜி கணேசன். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, சண்டை இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நாளில் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். யார் சுட்டது என்று ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒவ்வொரு கதை வருகிறது. வந்தபோது ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, பாட்டெங்கே என்று கேட்டார்கள். இன்றைக்குத் தமிழின் மிகச் சிறந்த படங்களின் எந்தப் பட்டியலிலும் இருக்கிறது. யூடியூபில் பார்த்துவிட்டு ‘அருமை’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடலாம். எழுத்து ஓடும்போது உட்கார்ந்திருந்தால் வேறு கதை.

இயக்கம்: எஸ்.பாலசந்தர். வீணை பாலசந்தர் என்று ஊருக்குத் தெரிந்த அதே ஆள். ஒரு திரைப்பட விழாவில் குரோசாவாவின் ‘ராஷோமான்’ பார்த்துவிட்டு, அந்த முறையில் ஒரு நாடகம் எழுதிப் பார்த்து, கடைசியில் அதைப் படமாக்கியவர். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் 1964இல் ‘பொம்மை’ கிடைக்கும். வெடிகுண்டு வைத்த ஒரு பொம்மை ஊரைச் சுற்றுகிற கதை. படம் முடிந்த பிறகு பாலசந்தரே திரையில் தோன்றி, நடித்தவர்களையும் வேலை செய்தவர்களையும் ஒவ்வொருவராக நமக்கு அறிமுகம் செய்துவைப்பார். எழுத்து போடுவதை ஆள் போட்டே காட்டிவிட்ட மனிதர்! யேசுதாஸின் குரல் தமிழில் முதலில் ஒலித்த படங்களில் அதுவும் ஒன்று. அங்கிருந்து 1970இல் வந்த ‘நடு இரவில்’. தனிமையான ஒரு வீடு, ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அகதா கிறிஸ்டி படித்தவர்கள் எங்கிருந்து வந்தது என்று உடனே சொல்லிவிடுவார்கள். அங்கிருந்து, படத்தையெல்லாம் விட்டுவிட்டு, அவருடைய வீணை ஒலிப்பதிவுகளுக்குப் போகலாம். அது தனி உலகம், அதற்குள் போனால் திரும்பிவரப் பல நாளாகும்.

அதே பட்டியலில் எழுத்து: ஜாவர் சீதாராமன். ‘அந்த நாளி’ல் துப்பறியும் அதிகாரியாக நடித்திருப்பவரும் அவரே. 1967இல் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் தொலைக்காட்சியில் பார்க்காதவர் யார்? அந்த ஜீபூம்பா பூதம் இவர்தான், அதற்கு எழுதியதும் இவர்தான். ‘உடல் பொருள் ஆனந்தி’, ‘மின்னல் மழை மோகினி’ என்று தொடர்கதைகள் எழுதி வாரப் பத்திரிகை வாசகர்களைத் தவிக்கவைத்தவரும் இவர்தான். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தில் இருக்கிற இரண்டே பெயர்கள். அவை ஒரு ஜப்பானியப் படத்துக்கும், ஒரு வீணைக்கும், பூதத்துக்கும், மர்ம நாவலுக்கும், சென்னைமேல் குண்டு விழுந்த ஒரு ராத்திரிக்கும் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இதில் எந்த இடத்தில் ஒரு பி.ஆர்.ஓ. தேவைப்பட்டார்? இந்த வரிசையை எந்தச் செயலி போட்டுக் கொடுக்கும்? ‘அந்த நாள்’ பார்த்தவருக்கு அது இன்னும் நான்கு சிவாஜி படங்களைக் காட்டும். தலையில் அதற்கு மேல் இல்லை.

பாட்டு விஷயத்திலும் இதேதான். இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையை ராமேஸ்வரத்திலிருந்து திருநெல்வேலி வரை காதைத் தீட்டிக் கேட்ட ஒரு தலைமுறை இருந்தது. மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் படத்தின் பெயர், இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டுக்கு வழிவிடுவார்கள். பள்ளிக்கூடம் தாண்டாத ஆட்கள்கூட, முதல் வாத்தியம் ஒலித்ததுமே இது கே.வி.மகாதேவன், இது விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்று சொல்லுகிற பயிற்சி அப்படி வந்ததுதான். இன்று பாட்டுச் செயலியில் பழைய பாட்டைத் தேடினால் ‘எம்.ஜி.ஆர். ஹிட்ஸ்’, ‘சிவாஜி ஹிட்ஸ்’ என்று வாயசைத்தவர் பெயரில் கட்டிவைத்திருக்கிறார்கள். எழுதியவர் யார் என்று கேட்டால் பாதிப் பாட்டுக்கு விடை கிடையாது. பெயர் இல்லாத இடத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போக வழியில்லை. அவர்கள் போடுகிற வரிசையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பழைய காலத்துக்குக் கோயில் கட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்திலும் விளம்பரம் உண்டு, பொய்யும் உண்டு. மாட்டுவண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்து, கலர் நோட்டீஸை வீசிக்கொண்டு போவார்கள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கும். கதைச் சுருக்கத்தை முக்கால்வாசி சொல்லி, முக்கியமான இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருக்கும். அது விளம்பரம்தான். ஆனால் அந்தப் பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒப்பனைக்காரர் வரை பெயர் இருக்கும். அதனால்தான் அது இன்றைக்கு ஆவணம். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அப்படிப்பட்ட புத்தகங்களை அடுக்கிவைத்து ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள். கோட்டையூரில் ஒரு தனி மனிதர், அடுத்தவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் சேர்த்துவைத்ததில் பிறந்த நூலகம் அது. இன்றைக்கு வருகிற டீசரை ஐம்பது வருஷம் கழித்து எடுத்துப் பார்க்கிறவருக்கு அதிலிருந்து என்ன கிடைக்கும்?

இதில் ஒரு முரண் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று அறியப்படுபவர் ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன். 1958இல் ‘நாடோடி மன்ன’னுக்கு அந்த வேலை பார்த்தவர். விளம்பரத்தை எதிர்த்து எழுதுகிற எவரும் தமிழ்ப் படங்களைப் பற்றி ஒரு தேதியைச் சரிபார்க்க வேண்டுமென்றால் கடைசியில் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். விற்க வேண்டிய வெள்ளிக்கிழமை முடிந்த பிறகும், படங்களின் பெயர்களையும் ஸ்டில்களையும் தூக்கிப் போடாமல் பல்லாண்டு சேர்த்து, தமிழ்த் திரைப்பட வரலாற்றையே ஒரு பெரும் புத்தகமாகத் தொகுத்துக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். அவரை நான் அந்தத் தொழிலின் கணக்கில் எழுதமாட்டேன். விற்பனைக்கு மேல் அவர் செய்த வேலையை அந்தத் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

‘உங்களுக்கு நேரம் இருக்கிறது, தேடுகிறீர்கள். எட்டு மணி நேரம் வேலை, இரண்டு மணி நேரம் பஸ் என்று வாழ்கிறவன் எங்கே போய்த் தேடுவான்? அவனுக்கு யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?’ இதற்கு மட்டும் நான் மரியாதையோடு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். யாராவது சொல்லத்தான் வேண்டும். யார் சொல்வது என்பதில்தான் சண்டை. க.நா.சுப்ரமண்யம் ‘படித்திருக்கிறீர்களா?’ என்று ஒரு வரிசையே எழுதினார். இந்த நாவலைப் படியுங்கள், காரணம் இது என்று சொல்வதைத் தவிர அதில் வேறு வேலை கிடையாது. உலக நாவல்களைத் தானே தமிழில் கொண்டுவந்தும் போட்டார்: ‘நிலவளம்’, ‘மதகுரு’, ‘அன்பு வழி’. அவர் பட்டியல்களோடு சண்டை போட்டவர்கள் உண்டு. சண்டை போட முடிந்தது என்பதே பெரிய விஷயம். ஆள் யார், அவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, எதில் கோட்டை விடுவார் என்று தெரியும். அவர் திட்டிய புத்தகத்தைக் கூட, ‘இவருக்குப் பிடிக்காததென்றால் எனக்குப் பிடிக்கும்’ என்று வாங்கிப் படிக்கலாம். செயலியோடு அப்படிச் சண்டை போட முடியுமா? ஏன் இதைக் காட்டினாய் என்று கேட்டால் ‘நீங்கள் இதைப் பார்த்ததால்’ என்கிறது. என் முகத்தையே எனக்குக் காட்டிவிட்டுப் பரிந்துரை என்கிறது.

நேரமில்லாதவருக்குத்தான் இது இன்னும் பொருந்தும். வாரத்துக்கு ஒரு படம் பார்க்கத்தான் முடியும் என்றால், அந்த ஒன்றை எந்தச் சத்தம் பெரியதோ அதற்குக் கொடுப்பது எப்படிச் சிக்கனமாகும்? பல வருஷம் ரசனை பார்த்து நம்பத் தகுந்தவர் என்று தெரிந்த இரண்டு பேர் போதும். ஒருவர் வீட்டிலேயே இருக்கலாம். அத்தையோ சித்தப்பாவோ, பழைய படம் என்றால் டிவியை அணைக்கவிடாமல் உட்காருகிறவர் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. காசும் அதிகம் கேட்காத வழி இது. மாவட்ட நூலகம் இருக்கிறது. கைப்பேசியிலேயே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் ‘நூலகம்’ என்ற இணையதளம் இருக்கிறது. பழைய இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம் 1998 முதல் இருக்கிறது. இவற்றில் எதுவும் நம்மைக் கூவி அழைப்பதில்லை. கூவாததாலேயே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

விளம்பரம் இல்லாமல் சின்னப் படங்கள் செத்துப்போகின்றன என்பது கடைசியாக வருகிற வாதம், கொஞ்சம் கண்ணீரோடு வரும். வருஷத்துக்கு 200க்கு மேல் தமிழ்ப் படங்கள் வருகின்றன. பெரும்பாலானவை வந்த சுவடு தெரியாமல் போகின்றன. மறுக்கவில்லை. ஆனால் அவற்றைக் கொல்வது விளம்பரமின்மை இல்லை, மற்றவர்களின் விளம்பரம். பெரிய படத்தின் செலவு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு காட்சிகளை அது முதல் வாரத்திலேயே பிடித்தாக வேண்டும். சின்னப் படத்துக்குக் காலை பத்து மணிக் காட்சி ஒன்று கிடைக்கும், பார்த்தவர் அடுத்தவரிடம் சொல்லி முடிப்பதற்குள் அதுவும் போய்விடும். ‘முள்ளும் மலரும்’ இன்று வந்தால் மூன்றாவது வாரத்தைப் பார்க்காது. அந்தச் சின்னப் படக்காரரிடம் போய், நீயும் கடன் வாங்கிப் பேனர் கட்டு என்பது வட்டிக்கடைக்காரர் சொல்லுகிற யோசனை. தன் படத்தைப் பற்றி அவர் நாலு பேரிடம் சொல்வதை நான் குறை சொல்லவில்லை. 1986இல் ‘அம்ம அறியான்’ எடுக்க ஜான் ஆபிரகாமும் ஒடேசா குழுவினரும் கேரளத்தில் ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் கையேந்திப் பணம் திரட்டினார்கள், எடுத்த படத்தை அந்த ஜனங்களிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். அதையும் விளம்பரம் என்று சொன்னால் இந்தக் கட்டுரையை நான் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. தேடுங்கள் தேடுங்கள் என்கிறேன். தேடிப் போகிறவர் கைக்குப் பொருள் கிடைக்க வேண்டுமே. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று இல்லை. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இல்லை. நம்முடைய மௌனப்படங்கள் அநேகமாக எல்லாமே போய்விட்டன. அவ்வளவு தூரம் ஏன்? பாலுமகேந்திரா தன் படங்கள் சிலவற்றின் நெகட்டிவே இல்லாமல் போனதைச் சொல்லிச் சொல்லி, தமிழ்நாட்டுக்கு ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று மேடை மேடையாகக் கேட்டார். 2014இல் காலமாகும் வரைக்கும் கேட்டார். பூனா திரைப்பட ஆவணக் காப்பகத்துக்காக பி.கே.நாயர் 1960களிலிருந்து பெட்டி பெட்டியாகத் தேடிச் சேர்த்ததால் தப்பியவைதான் பல பழைய படங்கள். ‘ஜனங்களுக்குப் போய்ச் சேர வேண்டுமே’ என்று மைக்கைப் பிடிக்கிற நம் தயாரிப்பாளர்கள், ஒரு ஆடியோ லாஞ்சுக்கு ஆகிற செலவைக் குளிரூட்டிய ஒரு அறைக்கும் நாலு அலமாரிக்கும் கொடுத்து, தாங்கள் எடுத்த படத்தின் ஒரு நல்ல பிரதியை அங்கே வைக்கட்டும். முப்பது வருஷம் கழித்து அதைத் தேடிக்கொண்டு வருகிறவருக்கு, வெளியான வாரத்தில் எத்தனை பேனர் கட்டினார்கள் என்பது தெரிந்திருக்காது. படத்தைப் போட்டுப் பார்க்கத்தான் வந்திருப்பார்.